எல்லாரும் சிரிச்சாங்க சரி, யாரைப் பாத்து சிரிச்சாங்க? தடுப்பூசி காமெடி நாடகம் பத்தி ஒரு எளிய விளக்கம்

ஹால் முழுக்க சிரிப்பு சத்தம் கேட்டா அது நல்ல நாடகம், மறுநாள் விமர்சகர் "ஆனா"ன்னு இழுத்தா அவருக்கு ரசனை பத்தல, இப்படித்தான் நம்மள்ல நெறைய பேர் நெனைச்சுக்குறோம். மாமியார் மருமகள் காமெடிக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்து வரும். ஆனா ஊரே ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டுக்கிட்டு இருக்குற ஒரு விஷயத்த எடுத்து காமெடி பண்ணும்போது, அதுவும் தடுப்பூசி மாதிரி ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு குழந்தையோட கையப் புடிச்சு நிக்க வைக்குற விஷயம்னா, இந்தக் கணக்கு சுத்தமா தப்பிப் போயிடும். அது ஏன்னு தான் 'யுரேகா டே'ங்குற அமெரிக்க நாடகத்த வெச்சு இங்க சொல்லப் போறேன். நாடக விமர்சனம் படிச்சுப் பழக்கமே இல்லாதவங்களுக்கும் புரியணும்னு எழுதுறேன், அதனால தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

மொதல்ல டாபிகல் காமெடின்னா என்னன்னு பாத்துடலாம். நாட்டு நடப்ப வெச்சுப் பண்ற காமெடி, அவ்வளவு தான். நமக்கு இது புதுசே இல்ல. எம்.ஆர்.ராதா மேடையில நின்னுக்கிட்டு அன்னிக்கு பேப்பர்ல வந்த சேதிய வசனத்துக்கு நடுவுல இழுத்துப் போட்டு வெளுத்து வாங்குவாரு, அவரோட நாடகங்களுக்கு வந்த எதிர்ப்பு எவ்வளவு பெருசுன்னா 1954ல நாடகங்களைக் கட்டுப்படுத்தன்னே சென்னை மாநிலத்துல ஒரு சட்டம் வந்துச்சு. 1968ல சோ 'முகமது பின் துக்ளக்' போட்டாரு, பழைய சுல்தான் திரும்பி வந்து இந்திய அரசியல்ல இறங்குற மாதிரி கதை. இந்த மாதிரி நாடகங்கள்ல ஒரு விசேஷம் இருக்கு. எழுத்தாளர் பாதி தான் எழுதுறாரு, மீதிப் பாதிய பாக்க வர்றவங்க மண்டையில ஏத்திக்கிட்டு வர்றாங்க. காலையில என்ன படிச்சாங்க, வாட்ஸப்ல யார் கூட சண்டை போட்டாங்க, வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல, இது எல்லாமே டிக்கெட்டோட சேர்ந்து உள்ள வந்துடுது. அதனால தான் வார்த்தை மாறாத அதே வசனம் ஒரு வருஷம் ஜோக்கா இருக்கும், இன்னொரு வருஷம் நெஞ்சுல குத்தும்.

இதுக்கு ரொம்ப சுத்தமான உதாரணம் ஜோனாதன் ஸ்பெக்டர் எழுதின 'யுரேகா டே'. 2018ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி ஊர்ல அரோரா தியேட்டர்ல மொதல்ல போட்டாங்க, கதை நடக்குறதும் அதே பெர்க்லில தான். ஒரு சின்ன தனியார் ஸ்கூல், காசு இருக்குற, படிச்ச, ரொம்ப முற்போக்கான பெற்றோர்கள். ஸ்கூல் கமிட்டியில எல்லாரும் ஒத்துக்கிட்டா தான் எந்த முடிவும் எடுப்பாங்க, ஓட்டெடுப்பு கிடையாது. நாடகம் ஆரம்பிக்கும்போது அவங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்குறது அட்மிஷன் ஃபார்ம்ல இனம் எதுன்னு கேக்குற லிஸ்ட்ல இன்னொரு ஆப்ஷன் சேக்கணுமா வேணாமாங்குறதப் பத்தி. யார் மனசும் நோகக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் சுத்தி வளைச்சுப் பேசுறது தான் அங்க மொத சிரிப்பு.

அப்புறம் ஸ்கூல்ல பொன்னுக்கு வீங்கி வருது. நம்ம ஊர்ல கழுத்துல தங்கச் செயின் போட்டு விட்டு, வேப்பிலை அரைச்சுப் பூசி, பத்து நாள்ல சரியாயிடும்னு விட்டுடுற வியாதி. ஊசி போடாத பசங்க வீட்டுலயே இருக்கணும்னு சுகாதாரத்துறை சொல்லிடுது. இங்க ஒரு சின்ன மருத்துவ விஷயம் தெரிஞ்சுக்கிட்டா தான் பெற்றோர் ஏன் அவ்வளவு கொதிக்கிறாங்கன்னு புரியும். பொன்னுக்கு வீங்கி கிருமி உள்ள போனதுக்கு அப்புறம் வீக்கம் தெரியவே ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். அதனால அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசியோட வழிகாட்டுதல் என்னன்னா கடைசியா வீக்கம் வந்த பையனுக்கு அப்புறம் 26 நாள் வரைக்கும், ஊசி போடாத பசங்க ஸ்கூல் பக்கம் வரக்கூடாது. நடுவுல இன்னொருத்தனுக்கு வந்துச்சுன்னா எண்ணிக்கை மறுபடி மொதல்ல இருந்து. வேலைக்குப் போற அப்பா அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய இடின்னு நாம கோவிட்ல அனுபவிச்சுட்டோம்.

எழுத்தாளர் தட்டம்மைய எடுக்காம பொன்னுக்கு வீங்கிய எடுத்தது நல்ல புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது. தட்டம்மை ஊசி ரெண்டு டோஸ் போட்டா கிட்டத்தட்ட எல்லாருக்குமே பாதுகாப்பு கிடைக்கும், மேடையில வாதத்துக்கு இடமே இருக்காது. பொன்னுக்கு வீங்கிக்கு ரெண்டு டோஸ் போட்டாலும் பத்துல ஒன்னு ரெண்டு பேருக்கு வரலாம், அதனால "போட்டவனுக்கும் வந்துச்சே, அப்புறம் எதுக்கு ஊசி"ன்னு ஒரு கேரக்டர் கேக்க வழி கிடைக்குது, அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல இன்னொரு கேரக்டருக்கு பொறுமையும் வேணும் கணக்கும் வேணும். நாடகத்துக்கு வேண்டிய உராய்வு அங்க தான் வருது.

இப்போ எல்லாரும் பேசுற அந்த சீன். கமிட்டி, ஊர்ப் பெற்றோர்கள் எல்லாரையும் கூட்டி ஆன்லைன்ல ஒரு லைவ் கூட்டம் போடுது. மேடையில கமிட்டிக்காரங்க லேப்டாப் முன்னாடி உக்காந்து ரொம்ப மரியாதையா பேசிக்கிட்டு இருப்பாங்க, பின்னாடி பெரிய திரையில பெற்றோர்கள் டைப் பண்ற கமென்ட்ஸ் ஓடும். மொதல்ல வணக்கம், நல்லா இருக்கீங்களா, அப்புறம் சத்தம் கேக்கல, அப்புறம் ஊசி பத்தி ஒருத்தர் சந்தேகம், அதுக்கு இன்னொருத்தர் குத்தல், அப்படியே ஏறி ஏறி கொஞ்ச நேரத்துல நாஜி வரைக்கும் போயிடும். நடுவுல ஒரு பெற்றோர் வாயே தொறக்காம ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டுக்கிட்டே இருப்பாங்க. பாக்க வந்தவங்க இந்த சீனுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னு எழுதாத விமர்சனமே இல்லன்னு சொல்லலாம், மேடையில நடிகர்கள் பேசுறது காதுலயே விழல, அவ்வளவு சத்தம். அதுவும் தற்செயல் கிடையாது, வசனம் அமுங்கிப் போகணும்னே எழுதப்பட்ட சீன் அது.

இது ஏன் இவ்வளவு சிரிப்பு வருதுன்னு கொஞ்சம் நின்னு பாக்கலாம், ஏன்னா ஆடியன்ஸ் ரியாக்‌ஷன்னா என்னங்குற கேள்விக்கு பாதி பதில் இங்க இருக்கு. காது ஒன்னு கேக்குது, கண்ணு வேற ஒன்னு படிக்குது. மேடையில இருக்குறவங்களுக்கு நிலைமை கையில இருக்குன்னு நம்பிக்கை, நமக்கு தெரியுது கையில எதுவும் இல்லன்னு. பாத்திரத்துக்கு தெரியாதது பாக்குறவங்களுக்கு தெரியுறது நாடகத்துல ரொம்பப் பழைய உத்தி, தெருக்கூத்துல கட்டியங்காரன் நம்மளப் பாத்து கண்ணடிக்கிறதும் இதே வகை தான். அதோட அந்தக் கமென்ட்ஸ எழுதுறவங்க யாருன்னு நமக்கு நல்லாவே தெரியும். 2017 பிப்ரவரில தமிழ்நாடு, கர்நாடகா, பாண்டிச்சேரில எல்லாம் ஸ்கூல் பசங்களுக்கு தட்டம்மை ரூபெல்லா ஊசி கேம்பெய்ன் ஆரம்பிச்சப்போ வாட்ஸப்ல என்னென்ன வதந்தி சுத்துச்சுன்னு ஞாபகம் இருக்குறவங்களுக்கு பெர்க்லி ஸ்கூல் கமென்ட்ஸ் ஒன்னும் வெளிநாட்டுச் சரக்கா தெரியாது.

சரி, இவ்வளவு சிரிச்சாச்சு. அப்போ இந்த ஹால் யார் பக்கம்? இந்த இடத்துல தான் நாம வழக்கமா சறுக்குறோம். அந்த சீன்ல ஊசி வேணாம்னு சொல்றவங்களும் முட்டாள்தனமா பேசுறாங்க, ஊசி வேணும்னு சொல்றவங்களும் கேவலமா பேசுறாங்க. ஊசிக்கு ஆதரவான ஆளு அந்தப் பக்கத்து கமென்ட்ட படிச்சு சிரிக்கிறாரு, பக்கத்து சீட்ல சந்தேகப் பேர்வழி ஆதரவாளரோட திமிரப் பாத்து சிரிக்கிறாரு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிக்கிறதால வெளிய இருந்து கேட்டா ஒரே சிரிப்பு மாதிரி இருக்கு. ஒரே ஹால்ல ரெண்டு மூனு வேற வேற சிரிப்பு நடக்குது. அதனால "ஆடியன்ஸ் கொண்டாடுச்சு"ங்குற வரிய மட்டும் வெச்சுக்கிட்டு நாடகம் என்ன சொல்லுது, ஆடியன்ஸ் எத ஒத்துக்கிச்சுன்னு முடிவு பண்ணவே முடியாது.

பாக்க வேண்டியது எங்க சிரிப்பு நிக்குதுங்குறத. இந்த நாடகத்துல அது சுசான்ங்குற பொம்பள கிட்ட நிக்குது. ரொம்ப நாளா அந்த ஸ்கூலுக்காக உழைச்சவங்க, ஊசிக்கு எதிரா உறுதியா நிக்கிறவங்க, கொஞ்சம் எரிச்சல் வர்ற மாதிரி நல்லவங்க. மொதல் பாதி முழுக்க இவங்களப் பாத்தும் சிரிச்சிருப்போம். கூச்சல் சீன் முடிஞ்சதுக்கு அப்புறம், புதுசா கமிட்டிக்கு வந்த கரினாங்குற அம்மா கிட்ட தனியா உக்காந்து, தன்னோட குழந்தை செத்துப் போனத சொல்றாங்க. ஊசி போட்டதுக்கு அப்புறம் தான் செத்துச்சுன்னு அவங்க நம்புறாங்க. கொஞ்சம் முன்னாடி வரைக்கும் குலுங்கிக்கிட்டு இருந்த ஹால் அப்படியே அடங்கிடும்.

இங்க தான் விமர்சகர்கள் பிரிஞ்சாங்க. நாடகம் வேகமா இருந்துச்சு, கமென்ட் சீனுக்கு அப்புறம் இறங்கிடுச்சுன்னு ஒரு சாரார், அந்த அளவுக்கு உச்சம் தொட்டதுக்கு அப்புறம் எது வந்தாலும் கீழ தான்னு. இன்னொரு சாரார் எதிர்ப்பு தெரிவிச்சவங்களுக்கும் மனசு இருக்குன்னு காட்டுனது தான் இந்த நாடகத்தோட பெருமைன்னு பாராட்டினாங்க. மூனாவதா ஒரு கேள்வியும் வந்துச்சு, அது தான் முக்கியமான கேள்வி, அறிவியல் ஒரு பக்கம் தெளிவா இருக்கும்போது ரெண்டு பக்கத்தையும் சமமா நிறுத்துறது சரியா, அது சந்தேகத்துக்கு மாலை போடுற மாதிரி ஆகாதா.

என் நிலைப்பாட்ட சொல்லிடுறேன். ஒரு ஆளுக்கு நியாயம் பண்றது வேற, அந்த ஆள் சொல்ற கருத்துக்கு நியாயம் பண்றது வேற. இந்த ரெண்டையும் நாம போட்டுக் குழப்பிக்கிறோம், ஆடியன்ஸும் குழப்பிக்குது, சில சமயம் விமர்சகர்களும். சுசானோட துக்கம் உண்மை, அதுல பாதி பொய்னு யாரும் சொல்ல முடியாது. ஊசி தான் காரணம்னு அவங்க சொல்றது வேற விஷயம், அதுக்கு ஆதாரம் வேணும். 1998ல லான்செட்ங்குற மருத்துவப் பத்திரிகைல வேக்ஃபீல்ட்ங்குற டாக்டர் வெறும் 12 குழந்தைகள வெச்சு எம்எம்ஆர் ஊசிக்கும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூனுக்கும் சேத்துப் போடுறது) ஆட்டிசத்துக்கும் முடிச்சு போட்டாரு, அத 2010ல பத்திரிகையே வாபஸ் வாங்கிடுச்சு, அதே வருஷம் அவரோட மருத்துவப் பதிவும் பிரிட்டன்ல ரத்தாச்சு, நடுவுல லட்சக்கணக்கான குழந்தைகள வெச்சு பண்ணின ஆய்வுகள் எதுலயும் அந்தத் தொடர்பு தெரியல. இதுல ரெண்டு பக்கம் கிடையாது. நல்ல நாடகம் சுசான கோமாளி ஆக்காம இருக்கணும், அதே நேரம் அவங்க சொல்ற காரணத்த மேடை ஒத்துக்கவும் கூடாது. 'யுரேகா டே' இத செய்யுதுன்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா கதையில கமிட்டிக்காரர் ஒருத்தரோட பையன் இதே வியாதியில சீரியஸாகி ஆஸ்பத்திரில கிடக்குறான், வார்த்தையில யாரும் தோக்கல, ஆனா விளைவு ஒரு பக்கம் தான் விழுது. அத கவனிக்காம வசனத்த மட்டும் எண்ணிப் பாத்து "சமமா குடுத்துட்டாங்க"ன்னு சொல்ற விமர்சனத்த நான் ஏத்துக்க மாட்டேன்.

வருஷம் மாறினா ரியாக்‌ஷன் மாறும்னு மேல சொன்னேன்ல. 2018ல பெர்க்லில போட்டப்போ இது ஒரு ஊர்க் கிண்டல், பாக்க வந்தவங்க தங்களையே பாத்து சிரிச்சாங்க. 2022ல லண்டன் ஓல்ட் விக் தியேட்டர்ல ஹெலன் ஹன்ட் சுசானா நடிச்சாங்க, அதுக்குள்ள உலகமே கோவிட் பாத்துட்டு வந்துடுச்சு, தனிமைப்படுத்தல், மந்தை எதிர்ப்புசக்தி எல்லாம் சின்னப் பசங்க வாயில வர்ற வார்த்தை ஆயிடுச்சு, கதை கோவிடுக்கு முன்னாடி நடக்குறதால பாத்திரங்களுக்கு வரப்போறது தெரியாது, பாக்குறவங்களுக்கு தெரியும். 2024 டிசம்பர்ல நியூயார்க் பிராட்வேக்கு வந்துச்சு, மன்ஹாட்டன் தியேட்டர் கிளப் போட்டாங்க, ஜெசிகா ஹெக்ட் சுசான், பில் இர்வின் ஸ்கூல் தலைவர். அது திறக்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடி தான் தடுப்பூசிகள பத்தி பல வருஷமா சந்தேகம் கிளப்பிக்கிட்டு இருந்த ராபர்ட் கென்னடி ஜூனியர அமெரிக்க சுகாதார அமைச்சரா டிரம்ப் அறிவிச்சாரு, 2025 பிப்ரவரில நாடகம் முடியுற வாரத்துல அவர் பதவி ஏத்துக்கிட்டாரு. அதே சமயத்துல டெக்சாஸ்ல தட்டம்மை பரவ ஆரம்பிச்சு, ஆகஸ்ட்ல முடிஞ்சுதுன்னு அறிவிக்கும்போது 762 பேருக்கு வந்திருந்துச்சு, ரெண்டு குழந்தைங்க செத்துப் போச்சு. இந்த செய்திய படிச்சுட்டு வர்ற ஆளு அதே கமென்ட் சீனுக்கு அதே மாதிரி சிரிப்பாரா? சிரிப்பாரு, ஆனா அது வேற சிரிப்பு. 2025 ஜூன்ல சிறந்த மறு தயாரிப்பு நாடகம்னு பிராட்வே நாடகங்களுக்குக் குடுக்குற டோனி விருதும் கிடைச்சுது. வாஷிங்டன் கென்னடி சென்டர்ல போட இருந்தது மட்டும் 2025ல ரத்தாச்சு, பண நிலைமைன்னு காரணம் சொன்னாங்க.

தடுப்பூசிய வெச்சு சிரிக்கிறது தடுப்பூசி அளவுக்கே பழசு, இந்தக் குழப்பமும் அவ்வளவு பழசு தான். 1802 ஜூன்ல லண்டன்ல ஜேம்ஸ் கில்ரேன்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் ஒரு படம் போட்டாரு. நடுவுல ஒரு பொண்ணு பயந்து போய் நாற்காலில உக்காந்திருக்கா, டாக்டர் கையில ஊசிக் கத்தியோட கீறுறாரு, பெரியம்மை ஊசிக்கு மாட்டு அம்மைல இருந்து மருந்து எடுத்த காலம் அது, அதனால சுத்தி நிக்கிறவங்க உடம்புல இருந்து எல்லாம் குட்டிக் குட்டி மாடு மொளைச்சு வருது, ஒருத்தன் கையில, ஒருத்தி வாயில, ஒருத்தன் காதுல. பாத்தா யாருக்கும் சிரிப்பு வரும். ஆனா அவர் கிண்டல் பண்ணது ஊசியையா, இல்ல ஊசி போட்டா மாடாயிடுவோம்னு பயந்தவங்களையா? இன்னிக்கு வரைக்கும் ரெண்டு விதமாவும் படிக்கிறாங்க. அதே 1802 ஜூன் மாசம் 14ம் தேதி தான் நம்ம பம்பாய்ல அன்னா டஸ்ட்ஹால்னு மூனு வயசு பொண்ணுக்கு இந்தியாவோட மொதல் பெரியம்மை தடுப்பூசி போட்டாங்க. லண்டன்ல ஜோக்கு, இங்க ஒரு குழந்தையோட கையில கீறல்.

நான் மும்பை செம்பூர்ல இருக்கேன். மாதுங்கால நாடக ஆர்வம் உள்ள நாங்க கொஞ்சம் பேர் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு அண்ணா வீட்டு ஹால்ல உக்காந்து இந்த நாடகத்த வாய்விட்டுப் படிச்சுப் பாத்தோம், இங்கிலீஷ்ல படிச்சு நடுநடுவுல தமிழ்ல மாத்தி மாத்தி. கமென்ட் சீன ஒருத்தர் வாயால படிச்சப்போ சிரிப்பே வரல, உப்பு சப்பில்லாம போச்சு. அப்புறம் அந்த வீட்டுப் பையன் கமென்ட்ஸ லேப்டாப்ல அடிச்சு டிவில ஓட விட்டான், நாங்க டயலாக்க மட்டும் படிச்சோம். பத்து வரி தாண்டல, டயலாக் படிக்கிறவங்களாலயே படிக்க முடியல, சிரிப்பு அடங்கல. நம்ம ஹவுசிங் சொசைட்டி குரூப் மாதிரியே இருக்குன்னு ஒரு மாமா சொன்னாரு, தண்ணி வரலன்னு ஒருத்தர் போட்ட மெசேஜ் ராத்திரிக்குள்ள செகரட்டரியோட ஜாதகம் வரைக்கும் போறத எல்லாரும் பாத்திருக்கோம்.

சுசானோட பேச்ச ஒரு அக்கா படிச்சாங்க. ரூம்ல ஃபேன் சத்தம் மட்டும் தான். முடிஞ்சதும் அதே மாமா "பாவம், ஆனா அவ சொல்றது தப்பு தானே"ன்னு மெதுவா சொன்னாரு. குழந்தைகள் வார்டுல நர்ஸா வேலை பாக்குற ஒரு பொண்ணுக்கு மட்டும் கோவம். "இவ்வளவு நல்ல வசனத்த ஏன் இவங்களுக்கு குடுக்கணும், நாளைக்கு இத மட்டும் வெட்டி எடுத்து ஃபார்வேர்ட் பண்ணுவாங்க, நான் தான் வார்டுல பதில் சொல்லணும்"னு நேரா கேட்டுட்டா. நியூயார்க் விமர்சகர்கள் பக்கம் பக்கமா எழுதின சண்டை மாதுங்கால ரெண்டே வரில முடிஞ்சுது. அவ சொன்னதுல நியாயம் இருக்கு, நாடகம் முழுசா பாக்குறவங்களுக்கு எழுதப்பட்டது, ஆனா இப்போ யாரும் எதையும் முழுசா பாக்குறது இல்ல.

அப்போ பேச்சு நடிகர் விவேக் பக்கம் திரும்புச்சு. தமிழ் ஆளுங்க தடுப்பூசி பத்திப் பேசும்போது அது வராம இருக்காது. 2021 ஏப்ரல் 15ம் தேதி, ஜனங்களுக்கு பயம் போகணும்னு சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்கு போய் எல்லார் முன்னாடியும் கோவிட் ஊசி போட்டுக்கிட்டாரு. 17ம் தேதி மாரடைப்புல போயிட்டாரு. அந்த வாரம் தமிழ் பேசுற வீடுகள்ல எவ்வளவு பேர் ஊசிய தள்ளிப் போட்டாங்கன்னு எனக்கு தெரிஞ்ச வட்டத்துலயே பாத்தேன், இங்க மும்பைலயும் தான். பின்னாடி மத்திய அரசோட நிபுணர் குழு ஆராய்ஞ்சு அவர் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா ஒன்னு நடந்து அடுத்தது நடந்தா மொதலாவது தான் காரணம்னு மனசு முடிச்சு போட்டுடும், அதுவும் நாம நேசிச்ச ஆள்னா அந்த முடிச்ச அவுக்க ரிப்போர்ட் பத்தாது. சுசான் விஷயமும் இது தான். அதனால ஒரு தமிழ் ஹால்ல அந்தப் பேச்சு வந்தா வர்ற நிசப்தம் பெர்க்லி நிசப்தத்த விட வேற மாதிரி இருக்கும், பாதிப் பேர் மனசுல சுசான் முகம் இருக்காது, விவேக் முகம் இருக்கும். இத விமர்சகர் முன்கூட்டியே கணிக்க முடியாது, ஹால்ல உக்காந்தா தான் தெரியும்.

விமர்சகர் பாக்க வேண்டிய இன்னொன்னும் இருக்கு, நான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கிறது. சிரிப்பு யார் மேல விழுது, மேல இருக்குறவன் மேலயா கீழ இருக்குறவன் மேலயா. பெர்க்லில ஊசி வேணாம்னு சொல்றவங்க காசும் படிப்பும் இருந்து வேணாம்னு சொல்றாங்க, அவங்களுக்கு ஊசி ஒரு ஃபோன் கால்ல கிடைக்கும், அதனால அவங்கள கிண்டல் பண்றதுல குத்தம் இல்ல. செம்பூர்ல இருந்து ஹார்பர் லைன்ல அடுத்த ஸ்டேஷன் கோவண்டி. 2022 கடைசில அங்க தட்டம்மை பரவி குழந்தைங்க செத்துச்சு, மும்பைலயே அங்க தான் பாதிப்பு மோசம். கோவிட் காலத்துல வழக்கமான ஊசிகள் விட்டுப் போனது, ஒரே ரூம்ல எட்டு பேர், ஊருக்குப் போயிட்டு திரும்பி வந்த குடும்பங்களுக்கு தடுப்பூசி கார்டு இல்லாதது, சத்துக் குறைவு, கொஞ்சம் பயமும் வதந்தியும், எல்லாம் சேர்ந்து. தட்டம்மைக்கு நூத்துல 95 குழந்தைக்காவது ஊசி போட்டிருந்தா தான் மத்தவங்களும் தப்பிப்பாங்க, அவ்வளவு வேகமா பரவுற வியாதி. இப்போ யாராவது கோவண்டி அம்மாவ மேடையில நிறுத்தி, அவ ஊசி போடாததுக்கு ஜோக் எழுதினா மும்பைத் தமிழங்க கூடுற ஷண்முகானந்தா ஹால்ல கூட சிரிப்பு வரலாம். அந்த சிரிப்பு கேவலமான சிரிப்பு, அத எழுத வேண்டியது விமர்சகரோட வேலை, ஆடியன்ஸ் முகத்துக்கு நேரா கூட.

இதனால தான் இந்தக் கதைய தமிழ்ல மும்பைக்கு கொண்டு வந்தா எங்க வைக்கணும்னு எங்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம். பவாய் பக்கம் ஒரு பெரிய ஃபீஸ் ஸ்கூல்ல வைக்கலாம், ஆர்கானிக் காய்கறி, இயற்கை எதிர்ப்புசக்தி, வீட்டுல ஏர் ப்யூரிஃபையர்னு இருக்குற பெற்றோர், அங்க சிரிப்பு சரியான ஆள் மேல விழும். அரசு இலவச அட்டவணையில தட்டம்மை, ரூபெல்லா ஊசி தான் இருக்கு, பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி தனியார் டாக்டர் கிட்ட காசு குடுத்துப் போட வேண்டியது, 2024ல கேரளா, மஹாராஷ்டிரால பொன்னுக்கு வீங்கி நெறைய வந்தப்போ இந்த விஷயம் பல பேருக்கு அப்போ தான் தெரிஞ்சுது. அதனால இங்க கதை இன்னும் கூர்மையாகும், அந்த ஸ்கூல்ல வேலை பாக்குற ஆயாம்மாவோட பேரனுக்கு அந்த ஊசி கிடைச்சே இருக்காது, போடாம விட்டது இவங்க, படுக்குறது அவன். மூலத்துல இல்லாத பாத்திரம் தான், எழுத்தாளர் அனுமதி இல்லாம சேக்க முடியாது, மேடை ஏத்தணும்னா முறைப்படி உரிமை வாங்கணும், மஹாராஷ்டிரால ஸ்க்ரிப்ட மொதல்ல அரசோட நாடகப் பரிசீலனை வாரியத்துக்கும் அனுப்பணும். நெறைய வேலை இருக்கு.

கமென்ட்ஸ தமிழ்ல எப்படி ஓட விடுறதுன்னும் ஒரு பிரச்சனை, நம்ம ஆளுங்க தமிழ இங்கிலீஷ் எழுத்துல தான் அடிப்பாங்க, அத படிக்க எடுக்குற நேரத்துல சிரிப்பு ரெண்டு செகண்ட் பிந்துது, அந்த ரெண்டு செகண்ட்ல மேடையில இருக்குறவங்க என்ன பேசணும்னு அளந்து எழுதணும். சுசான் வேஷத்துக்கு எங்க குரூப்ல நல்லா காமெடி பண்ற அக்காவ போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு, நான் வேணாம்னுட்டேன். அவங்க மேடையில வந்தாலே நம்ம சபா ஆடியன்ஸ் சிரிக்க ரெடியாயிடும், அந்தக் குழந்தை பத்தி சொல்ற இடத்துலயும் ரெண்டு பேர் சிரிச்சுடுவாங்க. அந்த நர்ஸ் பொண்ணையே நடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம், அந்த வசனத்து மேல கோவம் இருக்குற ஆள் பேசினா அது கெஞ்சலா வராது, வாதமாவும் வராது. அவ இன்னும் சரின்னு சொல்லல, வசனத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா.